கோழி வண்டியை நிறுத்து, கூலி ஜீப்பை விடு: ஸ்பேம்பாட்களைத் தடுப்பது எப்படி?

மச்சான் குமுளியில் மூன்று ஜீப் வைத்திருக்கிறார். தேக்கடிக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு காட்டோரம், ஏலத்தோட்டம், தேயிலைப் பக்கம் என்று சுற்றிக் காட்டுகிற தொழில். அதற்கு ஆன்லைனில் ஒரு முன்பதிவு ஃபார்ம் நான்தான் செய்து கொடுத்தேன், கம்பத்தில் என் கடையில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில். பெயர், போன் நம்பர், எத்தனை பேர், என்றைக்கு வருகிறீர்கள், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா, அவ்வளவுதான். யாராவது நிரப்பி அனுப்பினால் மச்சான் போனில் டிங் என்று ஒரு சத்தம் வரும்.

நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குப் போன். "மாப்ள, விடாம டிங்கு டிங்குனு அடிக்குது, நூறு பேரு வாராங்களாம், ஒருத்தன் பேரும் வாயில நுழையல."

அதுதான் ஸ்பேம்பாட். சிலர் இதை ஹேக்கிங் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள், அது இல்லை. யாரும் உள்ளே புகவில்லை, எதையும் திருடவில்லை. வாசலில் தபால் பெட்டி வைத்திருக்கிறீர்கள், அதற்குள் ஒரு இயந்திரம் நோட்டீஸ் திணித்துக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான் நடப்பது. பாட் என்பது ஒரு சின்ன நிரல். இணையத்தில் எங்கெல்லாம் எழுதி அனுப்ப ஒரு பெட்டி இருக்கிறதோ அங்கெல்லாம் போய், தன் சரக்கை ஒட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடிவிடும். மச்சான் யார், ஜீப் என்றால் என்ன, குமுளி எந்தத் திசை என்றெல்லாம் அதற்கு ஒன்றும் தெரியாது. "உன் மேல யாருக்கோ பொறாமை, செய்வினை வச்சுட்டாங்க" என்று அக்கா சொன்னாள். அப்படியும் இல்லை.

பிறகு எதற்காக இந்த வேலை? கணக்கு எளிமையானது. ஒரு செய்தி அனுப்ப பாட்டை ஏவிவிட்டவனுக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். பல லட்சம் இடத்தில் போட்டு ஒருவன் ஏமாந்து இணைப்பைத் தட்டினாலும் லாபம்தான். யாருமே தட்டாவிட்டாலும், பல இடங்களில் தன் இணைப்பு ஒட்டியிருந்தால் தேடுபொறியில் மேலே வரலாம் என்ற ஆசை ஒன்று. இந்த ஆசையை ஒடிக்கத்தான் 2005இல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் எல்லாம் சேர்ந்து, 'இந்த இணைப்பைக் கணக்கில் சேர்க்காதே' என்று குறி போடும் ஒரு வழியைக் கொண்டுவந்தார்கள். குறி வந்தது, ஸ்பேம் போகவில்லை. அனுப்ப எதுவும் செலவாகாதபோது அவன் ஏன் நிறுத்தப்போகிறான்?

அதனால் நம் வேலை பாட்டை ஒழிப்பது இல்லை, அது நடக்கவும் நடக்காது. அவனுக்குக் கொஞ்சம் செலவு வைப்பதுதான், நம் ஆட்களுக்குச் செலவு வைக்காமல். இந்த இரண்டாவது பாதிதான் கஷ்டம், பலர் அதை மறந்தும்விடுகிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம், செக்போஸ்ட் பார்த்து வளர்ந்தவர்கள். பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் கேரளாவிலிருந்து வரும் கோழி வண்டியை மட்டும் நிறுத்திப் பார்ப்பார்கள், திருப்பி அனுப்புவார்கள், மற்ற வண்டிகளுக்கு டயரில் மருந்து அடித்துவிட்டு விடுவார்கள். 2020இல் கொரோனா சமயத்தில் எல்லாருக்கும் இ-பாஸ் என்றார்கள், தோட்ட வேலைக்குப் போகிற சனம் அன்றைக்குப் பட்ட பாடு கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும். கோழி வண்டி முறை, இ-பாஸ் முறை என்று இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லும் எல்லாத் தடுப்பும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றின் சாயலில்தான் இருக்கும்.

முதலில் காசில்லாத தந்திரங்கள். ஃபார்மில் கூடுதலாக ஒரு பெட்டி வைத்து, அது மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுவது. பெரும்பாலான பாட்கள் திரையைப் பார்ப்பதில்லை, பின்னால் இருக்கும் குறியீட்டைத்தான் வாசிக்கும், பெட்டி என்று கண்டால் நிரப்பிவிடும். அந்தப் பெட்டியில் ஏதாவது எழுதி வந்தால் அது ஆள் இல்லை, தூக்கிப் போட்டுவிடலாம். இதற்கு ஹனிபாட் என்று பெயர், தேன் வைத்துப் பிடிப்பது மாதிரி. (கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்தப் பெட்டியையும் வாசித்துவிடும், அதனால் 'இதைக் காலியாக விடவும்' என்று அதில் எழுதி வைப்பது மரியாதை.) இன்னொன்று நேரம். ஃபார்ம் திறந்த நேரத்துக்கும் அனுப்பு பொத்தானை அழுத்திய நேரத்துக்கும் இடைவெளி ஒரு நொடி என்றால், எந்த மனுஷன் ஒரு நொடியில் பெயரும் நம்பரும் தேதியும் அடிப்பான்? எங்கள் அப்பா 'கு' அடிக்கவே பத்து நொடி ஆகும். மூன்றாவது, ஒரே இடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் இத்தனைதான் அனுப்பலாம் என்று உச்சவரம்பு வைப்பது. மச்சான் ஃபார்மில் இந்த மூன்றையும் போட்ட அன்றே டிங் சத்தம் முக்கால்வாசி நின்றுவிட்டது.

கேப்சா போடலாமே என்பீர்கள். வளைந்த எழுத்தை அடி, ட்ராஃபிக் லைட் இருக்கும் கட்டத்தை எல்லாம் தட்டு என்று கேட்குமே, அதுதான். 2000களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன், மானுவல் பிளம் முதலானவர்கள் உருவாக்கிப் பரப்பியது. 2007இல் வான் ஆன் அதையே திருப்பி, பழைய புத்தகங்களில் கணினியால் வாசிக்க முடியாத சொற்களைக் கொடுத்து மனிதர்களை வாசிக்க வைத்தார், ஒரே கல்லில் இரண்டு மாங்காய், 2009இல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. யோசனை அருமையானதுதான், ஆனால் எனக்கு அதன் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. கேப்சாவை ஆள் வைத்துத் தீர்த்துக் கொடுக்கும் கடைகள் ஆன்லைனில் இருக்கின்றன, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று மிகச் சொற்பக் கூலிக்கு. ஸ்பேம்காரன் அந்தக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான், அறுபது வயதில் வாசிப்புக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே ஜீப் புக் பண்ணப் பார்க்கும் அம்மாதான் மாட்டிக்கொள்வார். இது இ-பாஸ் முறை. கடைசி வழியாக, சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும் காட்டலாம்.

மீதி கால்வாசி பாட் கொஞ்சம் விவரமானவை, பொறுத்திருந்து அனுப்புகின்றன, மறைந்த பெட்டியைத் தொடுவதில்லை. இங்கேதான் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இணையத்தில் ஒவ்வொரு தொடர்புக்கும் ஐபி முகவரி என்று ஒரு எண் உண்டு. 203.0.113.25 மாதிரி இருக்கும் (இது உதாரணத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட எண், யாருடையதும் இல்லை, தேடிப் போகாதீர்கள்). அதை வண்டி நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வந்தார்கள், எப்போது, எந்த நம்பரிலிருந்து என்று சர்வர், அதாவது நம் ஃபார்ம் குடியிருக்கும் கணினி, ஒரு பதிவேடு வைத்திருக்கும், அதுதான் லாக். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வது, லாக்கைப் பார்த்து தொல்லை கொடுத்த நம்பரை எழுதி வைத்துத் தடுப்பது. நானும் செய்தேன். மறுநாள் 25க்குப் பதில் 26 வந்தது, அதையும் தடுத்தேன், 31 வந்தது. டி.என் 60இல் ஒரு வண்டியைப் பிடித்தால் அதே ஓனர் அடுத்த வண்டியை எடுத்துக்கொண்டு வருகிற கதைதான். குமுளியில் நின்று பிடித்தால் கம்பம்மெட்டு வழியாக வருவான், அங்கே நின்றால் போடிமெட்டு. நம்பரைத் துரத்தாமல் ஓனரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓனரைக் கண்டுபிடிப்பது ஆச்சரியமாகச் சுலபம், ஆர்டிஓ ஆபீஸ் பதிவேடு மாதிரி ஒன்று எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. ஐபி எண்களை உலகத்தில் ஐந்து பதிவகங்கள் பிரித்துக் கொடுக்கின்றன, ஆசிய பசிஃபிக் பக்கத்துக்கு ஏப்னிக், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. இந்தியாவில் அதன் கீழ் ஐரின் என்ற தேசியப் பதிவகம். எந்த எண்ணைக் கொடுத்து 'ஹூ இஸ்' என்று தேடினாலும் எந்த நிறுவனத்தின் பெயரில் அது பதிவாகியிருக்கிறது, எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று வரும். தொகுப்பு என்றால், உதாரணத்துக்கு 203.0.113.0 முதல் 203.0.113.255 வரை 256 எண்கள், இதை '/24' என்று எழுதுவார்கள். இப்படிப் பல தொகுப்புகளை வைத்து ஓட்டும் ஒவ்வொரு பெரிய வலையமைப்புக்கும் ஏஎஸ் எண் என்று தனியாக ஒன்று உண்டு. ட்ராவல்ஸ் கம்பெனிக்கு ஒரு லைசென்ஸ் மாதிரி அது. என் லாக்கில் பார்த்தபோது எண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன, ஏஎஸ் எண்கள் மூன்றே மூன்று. மூன்றும் சர்வர் வாடகைக்கு விடும் கம்பெனிகள்.

இதில் ஒரு நல்ல துப்பு இருக்கிறது. மனிதர்கள் போனிலிருந்தோ வீட்டு பிராட்பேண்டிலிருந்தோ வருவார்கள். சர்வர் வாடகைக்கு விடும் கம்பெனியின் எண்ணிலிருந்து ஜீப் புக் பண்ண எந்த மனுஷன் வரப்போகிறான்? அதுதான் கோழி வண்டி, அதை நிறுத்து என்று முடிவெடுத்து, தெரிந்த சர்வர் கம்பெனிகளின் தொகுப்புகளை எல்லாம் ஒரே ராத்திரியில் மொத்தமாக அடைத்தேன். எனக்கே என்மேல் ஒரு பெருமிதம். இரண்டு நாள் கழித்து, முன்பணம் கட்டிவிட்டு வந்து நிற்கிற ஒரு குடும்பத்திடம் "உங்க பேரு லிஸ்ட்லயே இல்லியே" என்று மச்சான் சொல்லி, அவர்கள் சண்டைக்கு வந்து, கடைசியில் பார்த்தால் பணம் வந்துவிட்டது என்று நம் சர்வருக்குத் தகவல் சொல்லும் பேமெண்ட் கம்பெனியின் சர்வரையும் சேர்த்துத் தடுத்திருக்கிறேன். தேடுபொறிகளின் பாட், லிங்க் அனுப்பினால் சின்னப் படம் காட்டுகிற சேவைகள், விபிஎன் வழியாக (தன் எண்ணை மறைத்து இன்னொரு சர்வரைச் சுற்றி) வரும் நிஜ மனிதர்கள், எல்லாம் சர்வர் எண்ணிலிருந்துதான் வரும். ஆகவே ஒட்டுமொத்தக் கதவை மூடாமல், ஃபார்ம் அனுப்புகிற அந்த ஒரு வாசலில் மட்டும் இந்தச் சோதனையை வைக்க வேண்டும், தெரிந்த நல்ல எண்களுக்கு முன்கூட்டியே விலக்கும் கொடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம், அதாவது செல்போன் கம்பெனிகளின் ஐபி எண்களைத் தடுப்பது, இதைவிட ஆபத்து. பழைய முறை ஐபி எண்கள் மொத்தமே சுமார் 429 கோடிதான், மையப் பதிவகத்தின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3இல் தீர்ந்தேவிட்டது. அதனால் செல்போன் கம்பெனிகள் ஒரே எண்ணைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. காலையில் கம்பத்திலிருந்து மெட்டு ஏறும் கூலி ஜீப்பைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே எத்தனை பேர், பின்னால் தொங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவே முடியாது. அந்த ஜீப்பில் ஒருத்தன் கஞ்சா வைத்திருந்தான் என்று வண்டியையே திருப்பி அனுப்பினால் மொத்தச் சனத்துக்கும் அன்றைய கூலி போச்சு. செல்போன் கம்பெனி எண்ணைத் தடுப்பது அதுதான். தடுக்கத்தான் வேண்டும் என்றால் அரைமணி, ஒரு மணி, அதற்கு மேல் கூடாது.

புதிய முறையான ஐபி பதிப்பு 6இல் பிரச்சினை தலைகீழ். அங்கே ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் துண்டிலேயே, பழைய முறையில் உலகம் முழுக்க இருந்த எண்ணிக்கையை அதே எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் அளவு எண்கள் இருக்கும். ஒற்றை எண்ணைத் தடுத்தால் கடல் தண்ணீரைச் சொம்பில் இறைப்பது போலத்தான், '/64' என்று அந்தத் துண்டு முழுவதையும் ஒரே ஆளாகக் கருத வேண்டும்.

சரி, வெளிநாட்டு எண்ணை எல்லாம் தடுத்துவிடலாமா? மச்சானே கேட்டார், கேட்டுவிட்டு அவரே சிரித்தார், தேக்கடிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எங்கிருந்து புக் பண்ணுவார்களாம். மாநிலம் வைத்துப் பிரிப்பதும் உதவாது. ரோமிங் இருந்த காலத்தில், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போதே கேரளாவுக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ் வரும், குமுளியில் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒரு டவர், அந்தப் பக்கம் நின்றால் இன்னொன்று. ஐபியை வைத்து ஊர் சொல்லும் சேவைகள் என் கம்பத்துக் கடையைச் சில நாள் சென்னை என்றும் சில நாள் மும்பை என்றும் காட்டுகின்றன. எல்லையில் வாழ்கிறவனுக்கு வரைபடத்தின் மேல் இருக்கும் சந்தேகம் இதிலும் பயன்படுகிறது.

இப்போது அந்த மூன்று ஓனர்கள். ஹூ இஸ் தேடினால் முறைகேட்டுப் புகாருக்கு என்று ஒரு மெயில் முகவரி கிடைக்கும். அப்படி ஒரு முகவரி வைத்திருக்க வேண்டும் என்பது 1997லேயே எழுதிவைத்த இணைய வழக்கம். எழுதும்போது கோபப்படாமல், லாக்கிலிருந்து வரிகளை அப்படியே ஒட்டி, நேரத்தோடு அது இந்திய நேரம் என்பதையும் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும், நேரம் தெளிவாக இல்லாவிட்டால் அந்த எண் அப்போது யார் கையில் இருந்தது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. நான் மூவருக்கும் எழுதினேன். ஒரு கம்பெனி மறுநாளே அந்த வாடிக்கையாளரை நிறுத்திவிட்டதாகப் பதில் போட்டது, லாக்கிலும் நின்றிருந்தது. இன்னொன்று, 'உங்கள் புகாரை வாடிக்கையாளருக்கே அனுப்பிவிட்டோம்' என்றது, அதாவது திருடனிடமே போய் உன் மேல் புகார் வந்திருக்கிறது என்று சொல்வது. மூன்றாவது கம்பெனியின் புகார்ப் பெட்டி நிரம்பிவிட்டது என்று மெயில் திரும்பி வந்தது.

இந்த மூன்றாவது ரகத்தைத்தான் மோசமான சேவையாளர் என்கிறோம். சிலர் சோம்பல், சிலர் வேண்டுமென்றே. என்ன புகார் வந்தாலும் உன் சர்வரைத் தொடமாட்டோம் என்று சொல்லியே கூடுதல் வாடகை வாங்குகிறவர்கள் உண்டு, குண்டு துளைக்காத ஹோஸ்டிங் என்று இதற்குத் தொழிலில் பெயர். இவர்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம்: கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்று ஒரு கம்பெனி. உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணினிகளைக் கெடுத்து ஸ்பேம் அனுப்பவைத்த கூட்டங்கள் தங்கள் கட்டளைச் சர்வர்களை அங்கேதான் வைத்திருந்தன. வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதிக்கொண்டிருந்த பிரையன் கிரெப்ஸ் ஆதாரங்களைத் திரட்டி, அந்தக் கம்பெனிக்கு இணைய இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய நிறுவனங்களிடம் கேட்டார். 2008 நவம்பர் 11 அன்று அவர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். உலகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பேம் மெயிலில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காணாமல் போனது. சில மாதங்களில் வேறு இடம் பிடித்து மறுபடி ஏறிவிட்டது என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவர்களை நாமே தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பேம்ஹாஸ் அமைப்பு, முழுக்கக் குற்றவாளிகள் கையில் இருக்கும் தொகுப்புகளுக்கென்றே 'ட்ராப்' என்று ஒரு பட்டியலை இலவசமாகத் தருகிறது. அதில் இருந்தால் யோசிக்காமல் கதவை மூடலாம், அங்கிருந்து எந்தக் குடும்பமும் ஜீப் கேட்டு வரப்போவதில்லை. மற்றக் கறுப்புப் பட்டியல்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பயன்படுத்துங்கள். ஐபி தொகுப்புகளை விற்கிறார்கள், வாடகைக்கும் விடுகிறார்கள், பழைய ஜீப் வாங்கினால் முந்தைய ஓனரின் அபராதச் சலான் நம் தலையில் விழுகிற மாதிரி, புதிதாக அந்த எண்ணை வாங்கிய அப்பாவியும் பட்டியலில் கிடப்பான். செல்போன் கம்பெனி எண்கள் தவிர, நான் போடும் மற்ற ஒவ்வொரு தடைக்கும் முப்பது நாள் கெடு, அதற்குப் பிறகும் தொல்லை வந்தால் மறுபடி போடுவேன்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்கு என்னிடம் முழுத் தீர்வு கிடையாது. இப்போது பாட்கள் வீட்டு எண்களிலிருந்தே வருகின்றன. இலவச விபிஎன் என்று ஒரு ஆப் போடுகிறீர்கள், அது உங்களுக்குத் தெரியாமல் உங்கள் இணைப்பை இன்னொருவனுக்கு வாடகைக்கு விடுகிறது. 2024 மே மாதம் அமெரிக்க அரசு முடக்கிய '911 எஸ்5' என்ற ஒரே வலையில் 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி எண்கள் இப்படிச் சிக்கியிருந்தன. 2016இல் மிராய் என்ற தீநிரல், கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட சிசிடிவி கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துப் பெரிய பெரிய சேவைகளையே முடக்கியது. ஏலக்காய் ஸ்டோருக்குக் கேமரா மாட்டப் போகும் இடத்தில் எல்லாம் 'பாஸ்வேர்டை மாத்துங்கண்ணே' என்று நான் கெஞ்சுவதற்கு இதுதான் காரணம், பலர் 'யாருப்பா நம்ம கேமராவப் பாக்கப் போறான்' என்கிறார்கள். கேமராவைப் பார்க்க யாரும் வரவில்லை, அதன் முதுகில் ஏறிக்கொண்டு வேறெங்கோ போகிறான்.

வீட்டு எண்ணிலிருந்து வருவதை எண் வைத்துப் பிடிக்க முடியாது, எழுதியிருப்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஜீப் கேட்கிறவர் செய்தியில் மூன்று இணைப்பு எதற்கு? அப்படி வந்தால் அழிக்காமல் தனிப் பெட்டியில் போடும்படி வைத்திருக்கிறேன், மச்சான் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒருமுறை திறந்து பார்ப்பார். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஐந்தாறு விழும், பெரும்பாலும் சூதாட்டமும் கடனும்.

போன வாரம் அதில் ஒன்று, முழுக்க மலையாளம், நடுவில் நாலு இணைப்பு. அழிக்கப் போனவர் ஒரு சந்தேகத்தில் எனக்கு அனுப்பினார். திறந்து பார்த்தேன், நாலும் மேப் லொக்கேஷன், நாலு வெவ்வேறு லாட்ஜில் தங்கியிருக்கும் ஒரு கல்யாண கோஷ்டியை வரிசையாக ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். மச்சானுடைய மூன்று ஜீப் பத்தவில்லை, பக்கத்து ஸ்டாண்டில் இரண்டு கேட்டு வாங்கினார்.